ஞாயிற்றுக்கிழமை அரை யூனிட்

லாரி ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் முத்திரையார். மொத்த வியாபாரச் சந்தைக்கு வெளியே இருந்த எடைமேடையில் முப்பத்தோரு வருஷமாக உட்கார்ந்திருந்தார். லாரி மேடையில் ஏறும், கண்ணாடிக் கூண்டுக்குள் எண் ஒளிரும், இவர் சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுப்பார். "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று யாராவது தலையைச் சொறிந்தால், சுவரில் தொங்கும் சான்றிதழைப் பேனாவால் காட்டுவார். "வருஷா வருஷம் கவர்மெண்ட்ல இருந்து வந்து, எடைக்கல் வெச்சுப் பார்த்து, முத்திரை போட்டுட்டுப் போறாங்க. இது சொல்றதுதான் எடை. நீ சொல்றதும் இல்ல, நான் சொல்றதும் இல்ல." இதை ஆயிரம் தடவை கேட்டவர்கள் அவருக்கு வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்?

ஆனால் அந்த வீட்டில் கணக்குப் புலி அவர் இல்லை, அவர் மனைவி. மகப்பேறு மருத்துவமனையில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். கடைசி எட்டு வருஷம் ஒரு வார்டே அவள் கண்ணசைவில் நடந்தது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைக்கு மருந்து எத்தனை சொட்டு என்று டாக்டர் பேனாவைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள். அவள் ஓய்வு பெற்ற மாதமே வீட்டுப் பழைய ஃபிரிட்ஜும் தனக்கும் சர்வீஸ் முடிந்தது என்று படுத்துக்கொண்டது.

புதிது வாங்கப் போன அன்று கடையில் நடந்ததை முத்திரையார் பிற்பாடு எடைமேடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர், கதவு முழுக்கப் பூப்போட்ட சிவப்பு ஃபிரிட்ஜ் ஒன்றின் முன்னால் அவர்களை நிறுத்தி, "அஞ்சு ஸ்டார் மேடம், கரண்டே இழுக்காது" என்றார். அவள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவில் ஒட்டியிருந்த அரசாங்க லேபிளைக் குனிந்து படித்தாள். மருத்துவமனையில் கேஸ் ஷீட் படிக்கிற அதே நிதானம்.

"தம்பி, ஸ்டார் அஞ்சு சரி. இங்க வருஷம் போட்டிருக்கே, பார்த்தீங்களா?"

"அது சும்மா போடறது மேடம்."

"சும்மாவா? இது பழைய லேபிள். அதுக்கப்புறம் ரெண்டு தடவை அளவை இறுக்கிட்டாங்க. இன்னிக்குக் கணக்குல இது மூணு ஸ்டார் தேறினாலே பெரிய விஷயம். கீழ பாருங்க, வருஷத்துக்கு முன்னூத்துப் பத்து யூனிட். அதோ அந்த மூலையில ஒண்ணு நிக்குதே, அதுல நூத்தி எண்பதுன்னு இருக்கு."

மூலையில் நின்றது சாம்பல் நிறத்தில், பூவும் இல்லாமல் பொட்டும் இல்லாமல் இருந்தது. விலையும் கொஞ்சம் கூடத்தான். டைக்காரர் வேறு பேச்சுக்கு மாறப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஓர் இளம் தம்பதி இதைக் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, எங்களுக்கும் ஒண்ணு பார்த்துச் சொல்லுங்களேன்" என்று ஒட்டிக்கொண்டார்கள்.

"ஸ்டாரை மட்டும் எண்ணிட்டு நிக்காதீங்க. யூனிட்டைப் படிங்க, வருஷத்தைப் படிங்க. பத்து வருஷம் வீட்ல ஓடப்போற பொருளு. வாங்கற அன்னிக்கு விலை மட்டும் பார்த்தா போதுமா?" என்றாள் அவள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "நூத்தி எண்பதுன்னா நாளைக்கு அரை யூனிட். ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு இது போதும்" என்று முடித்துவிட்டாள். சாம்பல் நிறம் வீட்டுக்கு வந்தது.

முதல் வருஷம் சொன்ன சொல் மாறாமல் ஓடியது. இரண்டாம் வருஷம் பாதியில் மின்கட்டணம் ஏறத் தொடங்கியது. முதலில் வெயில் என்று நினைத்தார். வெயில் இறங்கியும் கட்டணம் இறங்கவில்லை. அவருக்கு மண்டை குடைந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மீட்டரைக் குறித்துக்கொண்டார், மாலை வந்ததும் குறித்துக்கொண்டார். பகலில் மின்விசிறி ஒன்று, ஃபிரிட்ஜ் ஒன்று, வேறெதுவும் ஓடுவதில்லை. மின்விசிறிக்குக் கழித்துப் பார்த்தாலும், ஒரு நாள் முழுக்க அரை யூனிட் தின்ன வேண்டியது பகலிலேயே அதைப் போல இரண்டு பங்கு தின்றது.

"ஏம்மா, இது ஏன் இப்படி இழுக்குது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பழசாயிட்டிருக்கும்" என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

"ஒண்ணரை வருஷத்துலயா?"

அவள் பதில் சொல்லவில்லை. லேபிளில் உள்ள எண்ணை ஒருவன் குறை சொன்னால் சண்டைக்கு வரக்கூடியவள் அப்படி வாயை மூடிக்கொண்டது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

கடைக்குப் போனார். "கதவைச் சரியா மூடறீங்களா சார்?" என்றார் டைக்காரர். முத்திரையாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எங்க வீட்ல கதவு மூடத் தெரியாதவங்க யாரும் இல்ல" என்று கத்திவிட்டு வந்தார். ஆனாலும் மெக்கானிக் வந்தார். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். காகிதம் இம்மியும் நகரவில்லை. பின்னால் போய்க் காதை வைத்துக் கேட்டார். "தங்கமாட்டம் இருக்கு சார். இதுல ஒரு குறையும் இல்ல."

குறை இல்லையென்றால் லேபிள் பொய். அரசாங்கம் போட்ட எண் பொய் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. அது உண்மையென்றால் அவர் கூண்டுச் சுவரில் தொங்கும் சான்றிதழுக்கு என்ன மரியாதை? லேபிள்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு இரண்டு பக்கம் புகார் எழுதினார். மூன்று வாரத்தில் அங்கிருந்து ஓர் அதிகாரி அம்மாள் தானே வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது, தோளில் கனமான பை, அதிகம் பேசாத சுபாவம். ஃபிரிட்ஜின் வயருக்கும் சுவர் பிளக்குக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார்.

"ஒவ்வொரு நிமிஷமும் எவ்வளவு இழுக்குதுன்னு இது எழுதிட்டே இருக்கும். பத்து நாள் இருக்கட்டும் சார். நீங்க எப்பவும் போல இருங்க."

அன்று மாலை மனைவி கேட்டாள். "அது என்ன பெட்டி?" சொன்னார். காபி குடிக்கும்போது மறுபடி கேட்டாள். படுக்கப் போகும்முன் மூன்றாம் தடவை கேட்டாள். "உன் காது அடைச்சுப் போச்சா?" என்று சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு அழைத்தார்கள். அதிகாரி அம்மாள் ஒரு தாளை மேஜையில் விரித்தார். மலையும் பள்ளமுமாகக் கோடுகள்.

"இது ஞாயித்துக்கிழமை. பாருங்க, அரை யூனிட்டுக்கு ஒரு முடி கூடக் குறைய இல்ல. லேபிள்ல என்ன போட்டிருக்கோ அதேதான். இது திங்கள், செவ்வாய், புதன். ஒண்ணே கால், ஒண்ணரை. தினமும் பதினோரு மணிக்கு மேல ஏறுது, சாயங்காலம்தான் அடங்குது."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார். கதவு ரொம்ப நேரம் திறந்திருந்தா இப்படித்தான் ஏறும். நாங்க போடற எண்ணு சாதாரணமா ஒரு வீடு எப்படிப் பயன்படுத்துமோ அதை வெச்சு. எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்காது." தாழ்ந்த குரலில் கேட்டார். "பகல்ல வீட்ல யார் இருப்பாங்க?"

"என் சம்சாரம். முப்பது வருஷம் நர்ஸா இருந்தவ. அவளுக்குத் தெரியாத ஒழுங்கு கிடையாது" என்றார் வெடுக்கென்று. அந்த அம்மாள் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

பேருந்தில் திரும்பி வரும்போது அவர் மனசு தொழில்காரன் மனசாகவே ஓடியது. எடைமேடையில் எண் எதிர்பாராமல் கூடினால் மேடையைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. யாராவது ஓரத்தில் கால் வைத்துக்கொண்டு நிற்கிறார்களா என்று எட்டிப் பார்க்க வேண்டும். அப்படியென்றால் தன் வீட்டில் நிற்பது யார்? மாடி வீட்டுக்காரி! புருஷன் வெளியூர் வேலையில், தனியாக இருப்பவள். தினம் மத்தியானம் கீழே இறங்கி வருகிறாள் என்று தெரியும். அவள் பால் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் இந்த ஃபிரிட்ஜில்தான் இருக்கும், மனைவியே இடம் கொடுத்திருந்தாள். கையைக் கொடுத்தால் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டாளே என்று பொருமிக்கொண்டே வந்தவர், வீட்டுக்குள்கூட நுழையாமல் நேரே மாடிப்படி ஏறினார்.

"நீ தினம் வந்து எங்க ஃபிரிட்ஜைத் திறந்து போட்டுட்டு அரட்டை அடிச்சிட்டிருக்கியாமே? கரண்டு என்ன ஓசியிலயா வருது? உனக்கு ஃபிரிட்ஜ் வேணும்னா சொந்தமா வாங்கிக்க."

கையில் ஈரத்துணியோடு நின்றவள் முகம் வெளுத்துப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். படிக்குக் கீழே முத்திரையாரின் மனைவி வந்து நிற்பதைப் பார்த்தாள். வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

"சரிண்ணா. இனிமே இறங்கி வரல" என்றாள். கீழே வந்து பாலையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மேலே போய்விட்டாள்.

"அவளை ஏங்க திட்டினீங்க?" என்று மனைவி கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"நீ சும்மா இரு. உன் இளகின மனசைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏறி மிதிக்கிறாங்க."

இரண்டு நாள் விட்டு, மூன்றாம் நாள் பதினொன்றரை மணிக்கு எடைமேடையில் மாற்று ஆளை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மாடிக்காரி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாளா என்று கையும் களவுமாகப் பார்க்கத்தான் வந்தார். கதவைத் திறந்ததும் தீய்ந்த நாற்றம் குப்பென்று அடித்தது. அடுக்களைக்கு ஓடினார். அடுப்பில் பால் பாத்திரம் கரியாகி, அடி சிவந்துகொண்டிருந்தது. புகை கூரைக்குக் கீழே தேங்கி நின்றது. அடுப்புக்கு நாலடி தள்ளி ஃபிரிட்ஜ் ஆவென்று திறந்திருந்தது. அதன் முன்னால் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை கதவைப் பிடித்திருந்தது. பனி உருகிய தண்ணீரில் பாதம் இரண்டும் நனைந்து வெளுத்திருந்தன.

அடுப்பை அணைத்தார். ஜன்னலைத் திறந்தார். அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, "என்னம்மா பண்றே? எவ்வளவு நேரமா நிக்கிறே?" என்று கத்திக்கொண்டே ஃபிரிட்ஜ் கதவை மூடப் போனார்.

"மூடாதீங்க!" என்றாள் அவள், பதறிப்போய். "எதையோ எடுக்கத் திறந்தேங்க. எதுன்னு வர மாட்டேங்குது. மூடிட்டா, எடுக்க வந்ததே எனக்கு மறந்துடும். அதான் நிக்கிறேன். வந்துடும். இப்ப வந்துடும்."

அவர் கை கதவிலேயே நின்றுவிட்டது. உள்ளே வெளிச்சத்தில் நாலு தக்காளி, ஒரு தயிர்க் கிண்ணம், பாதி வெட்டிய முட்டைக்கோஸ். அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவற்றை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"பாலா?" என்றார் அவர்.

"பாலா..." அவள் யோசித்தாள். "பால் அடுப்புல இருக்கே."

புகை மேலே போயிருக்க வேண்டும். மாடி வீட்டுக்காரி தடதடவென்று இறங்கி வந்தாள். அவரைக் கண்டதும் வாசலிலேயே நின்றாள். "வாம்மா உள்ள" என்றார் அவர். அவள் வந்து முதலில் அவர் மனைவியின் காலைத் துடைத்தாள், நாற்காலியில் உட்காரவைத்தாள். பல மாசமாகச் செய்து பழகிய கைகள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"நீ இதுக்காகத்தான் தினமும் வந்தியா?"

"ஆமாண்ணா. பன்னெண்டு மணிக்கு ஒரு தடவை, ரெண்டு மணிக்கு ஒரு தடவை. அடுப்பைப் பார்ப்பேன், இதை மூடுவேன். நான் வர்றதுக்குள்ள எவ்வளவு நேரம் நின்னிருப்பாங்களோ."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க. அவங்களுக்குத் தெரியும்ணா. இது என்ன வியாதி, எப்படிப் போகும்னு எல்லாம் அவங்களே எனக்கு விளக்கிச் சொன்னாங்க. 'இன்னும் ரெண்டு வருஷத்துல அவருக்கு ரிட்டயர்மெண்ட். அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் ஓட்டிடுவோம்'னு சொன்னாங்க." அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை நீங்க வீட்ல இருப்பீங்கன்னு சமையலறைப் பக்கம் தனியா போகவே மாட்டாங்க."

முத்திரையார் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். எப்படிக் கேட்டார், என்ன சொன்னார் என்பதெல்லாம் பிற்பாடு அவருக்கு நினைவில் இல்லை. தரையில் உட்கார்ந்து கேட்டார் என்று அவள் சொன்னாள்.

நரம்பு மருத்துவர் படங்கள் எடுத்தார், நிறையக் கேள்விகள் கேட்டார். கடைசியில், "பொதுவா வீட்டுக்கு வழி தெரியாம எங்கயாவது தொலைஞ்ச பிறகுதான் இவங்களைக் கூட்டிட்டு வருவாங்க. நீங்க எப்படி முன்னாடியே கவனிச்சீங்க?" என்று கேட்டார்.

"நான் கவனிக்கல டாக்டர். ஃபிரிட்ஜ் கவனிச்சுச்சு" என்றார் முத்திரையார். டாக்டர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு புன்னகைத்தார்.

புகாரைத் திரும்பப் பெற லேபிள் அலுவலகத்துக்குப் போனார். படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதிகாரி அம்மாள் பக்கத்தில் வந்து, "பயன்பாட்டு வேறுபாடுன்னு எழுதினா போதும் சார்" என்றார். அவர் அதை எழுதவில்லை. 'லேபிளில் உள்ள எண் சரி. பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் படித்துவிட்டு வாசல்வரை கூடவே வந்தார்.

இரண்டு வருஷம் மிச்சம் இருக்கும்போதே எடைமேடையை விட்டுவிட்டார். வேறு ஊரில் இருந்த மகள், "இங்க வந்துடுங்கப்பா" என்று வாரம் தவறாமல் அழைத்தாள். "அம்மாவுக்குத் தெரிஞ்ச சுவரு இது ஒண்ணுதான். இதையும் மாத்தினா தாங்க மாட்டா" என்று சொல்லிவிட்டார். சமைக்கக் கற்றுக்கொண்டார். பகலில் அவள் ஃபிரிட்ஜைத் திறந்து நின்றால் பக்கத்தில் போய் நின்று, "தக்காளி எடுக்க வந்தே" என்று ஏதாவது ஒன்றைச் சொல்லுவார். "ஆமா, தக்காளி" என்று அவள் நிம்மதியாகக் கதவை மூடுவாள். எதற்கு வந்தாள் என்பது இருவருக்குமே தெரியாது. ஆனாலும் இரண்டு பேருமாகச் சேர்ந்து தக்காளி நறுக்குவார்கள்.

அடுத்த வருஷம் அவள் ஃபிரிட்ஜ் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். அது அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு மாசத்து மின்கட்டணம் அவர்கள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இல்லாத அளவுக்குக் குறைந்து வந்தது. மீட்டர் பார்க்க வந்தவர், "பரவாயில்லையே, சிக்கனமா இருக்கீங்க" என்றார். முத்திரையார் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

அவள் மனசு இப்போது மருத்துவமனையிலேயே குடியிருந்தது. அவர் அவளுக்கு வார்டில் வேலை செய்யும் யாரோ. "டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாச்சா?" என்பாள். "வந்துட்டுப் போயிட்டார் சிஸ்டர்" என்பார். கட்டிய மனைவியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற கொடுமையில் முதலில் கூனிக் குறுகினார். பிறகு, அப்படிக் கூப்பிட்டால்தான் சோறு இறங்குகிறது என்று தெரிந்ததும் அதுவும் பழகிவிட்டது.

ஒரு சாயங்காலம் அவளே சொன்னாள். "நேரமாச்சு, கிளம்புங்க. வீட்ல உங்க சம்சாரம் காத்துட்டு இருப்பாங்க."

அவர் என்ன செய்வது என்று தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே போனார். தெருவில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிக் கதவைத் தட்டி, "வந்துட்டேன்மா" என்றார்.

"இன்னிக்கு ஏங்க இவ்வளவு லேட்டு?" என்றாள் அவள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "கை கழுவிட்டு வாங்க."

கால் தரையில் பாவவில்லை அவருக்கு. அன்றிலிருந்து தினம் சாயங்காலம் அது ஒரு வழக்கம் ஆனது. டியூட்டி முடித்துக் கிளம்புவார், வாசலில் நிற்பார், திரும்பி வருவார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், சில நாள் அரை மணி நேரம்கூட அவள் அவருடைய மனைவியாக இருந்தாள். மகளைப் பற்றி விசாரித்தாள். சட்டை கசங்கியிருக்கிறது என்று கோபித்துக்கொண்டாள். மாடி வீட்டுக்காரி படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நாலு மாசம் அந்தப் பாக்கியம் கிடைத்தது.

ஐந்தாம் மாசம் ஒரு நாள் வழக்கம்போல் வெளியே போய்விட்டு வந்து கதவைத் தட்டினார். "வந்துட்டேன்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் வெறுப்பு இல்லை, பயம் இல்லை. வார்டு வாசலில் முப்பது வருஷம் எத்தனையோ பேரைப் பார்த்த அந்தப் பொறுமைதான் இருந்தது.

"யாரைப் பார்க்கணும்?"

அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். "பேஷண்டோட வீட்டுக்காரர் சிஸ்டர்."

"அப்படியா. பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்காங்க" என்றாள் அவள். "உட்காருங்க. கூப்பிடறேன்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.